கொசுவுக்கு ஒரு ஊசி

செப்டம்பர் 9

அன்புள்ள பெருச்சாளிக்கு,

அக்கா எழுதுறேன். மலையைக் குடையுற இடத்துல உனக்கு இருமல் கிருமல் எதுவும் இல்லாம, தலையில தொப்பியும் வயித்துல சூடான சாப்பாடுமா இருக்கணும். நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் பழையபடி என்கூட மல்லுக்கு நிக்குது.

உன் பொண்டாட்டியை நேத்து எங்க ஆஸ்பத்திரியிலயே நாலாவது மாடி வார்டுல சேர்த்தாச்சு. கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. மருந்து ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஒளிச்சுப் பேசுறது எனக்குப் பழக்கமில்ல, அதனால நேராவே சொல்றேன். அந்த மருந்து ரத்தத்துல இருக்கிற நோயை அழிக்கும்போது நல்லதையும் சேர்த்து அழிக்கும். சில மாசத்துக்கு அவ உடம்புல காவலுக்கு ஆள் இருக்காது. நமக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகிப் போற காய்ச்சல் அவளுக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. அவளைப் பார்த்துக்கிறது என் பொறுப்பு. நீ அங்க பாதியில வேலையை விட்டுட்டு ஓடி வந்தா சம்பளம் நிக்கும், வைத்தியமும் நின்னுடும், அதனால வராதே.

வாயாடி இன்னும் வாயாடியாத்தான் இருக்கா. "அண்ணி, இந்த அறையில பேச்சுத்துணைக்குச் சுவர்தான் இருக்கு, அதுவும் பதில் சொல்ல மாட்டேங்குது"ங்கிறா. காலையில ரத்தம் எடுக்க ஒருத்தர் வர்றார். ஆஸ்பத்திரி முழுக்க அவரைக் கொசுன்னுதான் கூப்பிடுது, அவரும் திரும்பிப் பார்க்கிறார். சத்தமில்லாம வருவார், எடுப்பார், போயிடுவார். வலிச்சதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ஊசி போடுறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு கதையைக் கேட்பார், நாம சொல்லிக்கிட்டு இருக்கும்போதே வேலை முடிஞ்சிருக்கும். இவகிட்ட "தங்கச்சி, வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கார்?"னு கேட்டிருக்கார்.

இன்னொரு கூத்து. இந்த வருஷம் ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. அஞ்சாவது மாடியில மேஜை போட்டு, ஊசியை ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டு, காலையில இருந்து காத்துக்கிடந்தேன். ஒரு ஈ காக்கா வரல.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா

செப்டம்பர் 25

அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் முதல் வணக்கம். அது நல்லா இருந்தாத்தான் நம்ம குடும்பம் நடக்கும். நான் சுகம். இங்க ஃபோன் மணி அடிச்சு யாரும் கேட்டதில்ல, சிக்னலே கிடையாது. வாரம் ஒருதடவை சாமான் லாரி வரும்போது உருளைக்கிழங்கு மூட்டைக்கு நடுவுல கடிதமும் வருது. உன் கடிதத்துல இன்னும் மண் வாசனை போகல.

படிச்சதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீ வராதேன்னு சொன்னதால வரல. ஆனா ஒண்ணு கேட்கிறேன். அவ அறைக்குள்ள யார் யார் போறாங்க? நர்ஸ் போவாங்க, டாக்டர் போவார், தரை துடைக்கிறவங்க, சாப்பாடு கொண்டு வர்றவங்க, அப்புறம் அந்தக் கொசு. அவங்கல்லாம் அந்த ஊசியைப் போட்டுக்கிட்டாங்களா? போடலைன்னா ஏன் போடல? ஆஸ்பத்திரியிலயே இருக்கிறவங்களுக்கு நாம சொல்லியா தெரியணும்?

எங்க டீம்ல ஹெல்மெட் போடாம ஒருத்தன் உள்ள நுழைஞ்சா, மேஸ்திரி அவனைத் திட்டுறதோட விடமாட்டார், அவனோட வீட்டுக்காரியையும் சேர்த்துத் திட்டுவார். நீயும் திட்டு. உனக்கு அது கைவந்த கலை.

அவளுக்குத் தனியா எழுதி இதோட வச்சிருக்கேன். பிரிக்காதே. நீ பிரிப்பே, தெரியும்.

உன் தம்பி

அக்டோபர் 7

பெருச்சாளி,

நீ சுகம்னு படிச்சேன், என் பாதி பாரம் இறங்கிச்சு. இங்க எல்லாரும் நலம். உன் கடிதத்தை நான் பிரிக்கல, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மேஜையைத் தூக்கிப் போட்டுட்டேன். ஊசிப் பெட்டியை ஒரு தள்ளுவண்டியில ஏத்தி, ஷிஃப்ட் மாறுற நேரத்துக்கு வார்டு வார்டாப் போறேன். அப்பத்தான் தெரிஞ்சது, பாதிப் பேருக்கு அஞ்சாவது மாடி ஏறி வர நேரமே இல்ல. வண்டி பக்கத்துல வந்ததும் "இவ்வளவுதானா சிஸ்டர்"னு சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டாங்க. மிச்சப் பாதிப் பேர்கிட்டதான் கூத்து. வாசல் செக்யூரிட்டி "போன வருஷம் போட்டாச்சே"ங்கிறார். "போன வருஷம் சாப்பிட்டீங்க, அதுக்காக இந்த வருஷம் பட்டினியா கிடக்கீங்க? வருஷா வருஷம் கிருமி சட்டை மாத்திக்கிட்டு வருதுய்யா"ன்னேன். சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினார். எலும்பு டாக்டர் "எனக்கெல்லாம் வராது, நம்ம உடம்பு அப்படி"ன்னு சொல்லும்போதே ஒரு தும்மல் போட்டார் பாரு, வண்டியே நடுங்குச்சு. அவருக்கும் போட்டாச்சு. ஒரு நர்ஸ் பொண்ணு, போட்டா ஃப்ளூவே வந்துடும்னு அழுதுச்சு. செத்த கிருமி எழுந்து வந்து கடிக்காதும்மா, கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கசகசன்னு இருக்கும், அவ்வளவுதான்னு உட்கார வச்சுப் பேசினேன். மறுநாள் அதுவே தன் ஃப்ரெண்டையும் இழுத்துக்கிட்டு வந்துச்சு.

நாலாவது மாடி முழுக்க முடிஞ்சது. ஒரே ஒரு ஆளைத் தவிர. கொசு!

என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஆள் மாயம். லிஃப்டுல மடக்கினா "அவசரமா ஒரு ரத்தம் சிஸ்டர்"ங்கிறார். கேன்டீன்ல மடக்கினா டீயை அப்படியே வச்சுட்டு ஓடுறார். உன் பொண்டாட்டி முகத்துக்கு நேரா தினமும் குனியுற மனுஷன் இப்படி டிமிக்கி கொடுத்தா எனக்கு எப்படி இருக்கும்? பெரிய டாக்டர்கிட்ட நேரா போயிட்டேன். ஊசி போடாதவங்க யாரா இருந்தாலும் நாலாவது மாடிக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாதுன்னு உத்தரவு வாங்கி, கதவுலயே ஒட்டிட்டேன். ஒரே நாள்ல ஓடி வந்து கையை நீட்டுவார் பாரு.

உடம்பு பத்திரம்.
அக்கா

அக்டோபர் 21

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நலத்தை நீ சரியாச் சொல்லலைன்னு தெரியுது.

உன் கடிதம் வந்த அதே லாரியில அவ கடிதமும் வந்தது. எழுத்து கோணல்மாணலா இருக்கு. இடது கையால எழுதினாளாம். வலது கை முழுக்க நீலம் பாரிச்சு வீங்கிக் கிடக்காம். "நரம்பு கிடைக்கலைன்னு புதுப்பொண்ணு ஒண்ணு குத்திக் குத்திப் பார்க்குது, பாவம், என்னைவிட அதுதான் அதிகமா அழுவுது"ன்னு எழுதியிருக்கா. அதுலயும் ஜோக். கொசு அண்ணனை ஏன் காணோம்னு கேட்டா யாரும் பதில் சொல்றதில்லையாம்.

என்கிட்ட ஒளிச்சுப் பேசுறது பழக்கமில்லன்னு சொன்னவ நீதானே? உன் கடிதத்துல அவ கையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கோபமா எழுதலக்கா. இவ்வளவு தூரத்துல இருந்து என்னால படிக்கத்தான் முடியுது.

தம்பி

நவம்பர் 2

என் தம்பிக்கு,

சாப்பிட்டியா, தூங்கினியா? இதைக் கேட்கவே எனக்கு இந்தத் தடவை கூச்சமா இருக்கு.

நான் உனக்கு எழுதின மறுநாள்தான் அவ கையைப் பார்த்தேன். உனக்கு உடனே எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடல. என் உத்தரவுதான் அவ கையை அப்படி ஆக்குச்சு. கொசு ஓடி வந்து கையை நீட்டுவார்னு நினைச்சேன். அவர் என்ன பண்ணார் தெரியுமா? வாயைத் திறக்காம, தரைத்தளத்துக்கே மாத்திக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டார். அந்த மெல்லிசு நரம்பைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆளை நானே கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியிருக்கேன். நோட்டீஸைக் கிழிக்கவும் மனசு வரல, இருக்கவிடவும் மனசு வரல.

நேரா லேபுக்குப் போனேன், வண்டி இல்லாம. வெறுங்கையைக் காட்டினேன். அப்பத்தான் மனுஷன் நின்னார். "என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க, திட்ட மாட்டேன்"னேன். சோதனைக் குழாயைத் துடைச்சுக்கிட்டே மெதுவாச் சொன்னார்: "எனக்கு ஊசின்னா பயம் சிஸ்டர்."

சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வந்தது, நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். வேலை கத்துக்கிட்ட காலத்துல இவருக்கு யாரோ ஊசி போட, இவர் மயங்கி விழுந்து நெத்தி உடைஞ்சிருக்கு. அந்தத் தழும்பைத் தலைமுடியால மறைச்சிருக்கார். "ஜனங்களுக்குத் தெரிஞ்சா என்கிட்ட யார் கையை நீட்டுவாங்க? ஊசிக்குப் பயப்படுறவன்கிட்டயான்னு கேட்க மாட்டாங்களா? அதனாலதான் எல்லார்கிட்டயும் கதை கேட்கிறேன். அவங்க பயம் எனக்குத் தெரியும்"னார். அந்த மனுஷனை நான் ஓட ஓட விரட்டியிருக்கேன்.

இதை உன் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னேன், சத்தியம் வாங்கிக்கிட்டு. "அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைங்க அண்ணி, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்"னா. உட்கார வச்சேன். பேயறைஞ்ச மாதிரி இருந்தார். இவ உள்ள இருந்து இன்டர்காமை எடுத்து, "கொசு அண்ணே, வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கார்னு கேளுங்க"ன்னா. "என்ன... எழுதியிருக்கார்?"னார். இவ உன் கடிதத்தைப் பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சா. உங்க கூடாரத்துச் சமையல்காரர் குறட்டை, தண்ணி இறைக்கிற மோட்டார் சத்தம் மாதிரியே இருந்ததால, மோட்டார் நின்னது ஒருத்தருக்கும் தெரியாமப் போய், மத்தியானத் தூக்கத்துல எல்லாரும் கணுக்கால் தண்ணியில கிடந்த கதை. மேஸ்திரியோட செருப்பு மிதந்து போற இடத்துல கொசு குலுங்கிச் சிரிச்சார். "அப்புறம்?"னார். "அப்புறம் ஒண்ணுமில்ல, போட்டாச்சு"ன்னேன் நான். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதுட்டார். நர்ஸ் பொண்ணுங்க கை தட்டினாங்க. ரகசியம் போச்சு, ஆனா இப்ப எல்லாரும் அவர்கிட்டதான் கையை நீட்டணும்ங்கிறாங்க.

ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் மாஸ்க்கோட வரட்டும்னு பெரிய டாக்டர் அன்னிக்கே உள்ள விட்டுட்டார். அவ கை இப்ப வெளுத்து வருது. உனக்கு எழுதாததுக்கு மன்னிச்சுக்கோடா.

அக்கா

நவம்பர் 18

அக்காவுக்கு,

நான் சாப்பிட்டேன், தூங்கினேன், சிரிச்சேன். அதுக்கெல்லாம் நீதான் காரணம், அதனால மன்னிப்பு கின்னிப்புன்னு பேசாதே. உன் கடிதத்தைக் கூடாரத்துல சத்தமாப் படிச்சேன். நம்ம சமையல்காரர், தன் குறட்டை ஒரு ஆஸ்பத்திரிக்கு உபயோகப்பட்டிருக்குன்னு வாயெல்லாம் பல்லா அலையுறார்.

ஆனா ஒரு சந்தேகம். நான் அவளுக்குத் தனியா எழுதுற கடிதத்தை அவ கொசு அண்ணன் முன்னாடி படிக்கிறாளா? எல்லாத்தையுமா? ஐயோ, அக்கா! புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் எழுதுவோம். அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

இனிமே ரெண்டு கடிதமா எழுதுறேன். ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு ஊசிக்கு. ஊசிக் கடிதத்துல மேஸ்திரி, சமையல்காரர், தண்ணி மோட்டார் மட்டும் வரும். ஒரு கடிதத்தை வாரம் முழுக்கத் துண்டு துண்டாப் படிக்கச் சொல்லு.

தினமும் காலையில அவ கையில ஊசி இறங்குற நேரத்துல என் பேச்சும் அங்க இருக்குன்னு நினைச்சா, இந்த மலை அவ்வளவு கனமாத் தெரியலக்கா.

தம்பி

டிசம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். குளிர் அதிகம். வேலையும் அதிகம். கடிதம் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

அக்கா

டிசம்பர் 19

அக்காவுக்கு,

இது யார் எழுதின கடிதம்? என் அக்கா "அவ்வாறே"ன்னு எழுதி நான் பார்த்ததில்ல. பெருச்சாளி எங்க? முழங்கால் எங்க? ஒரு சண்டைகூட இல்லாத கடிதத்தை நீ எனக்கு எழுதினதே இல்ல. அவகிட்ட இருந்தும் ஒண்ணும் வரல.

அவளுக்கு என்ன ஆச்சு? எதுவா இருந்தாலும் சொல்லு. மேஸ்திரிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன், அடுத்த லாரியில உன் கடிதம் இல்லன்னா அதே லாரியில நான் ஏறிடுவேன்.

தம்பி

டிசம்பர் 23

பெருச்சாளி, லாரியில ஏறாதே!

முதல்ல இதைப் படிச்சுட்டு மூச்சு விடு: அவ நல்லா இருக்கா. உட்கார்ந்து சாப்பிடுறா. என்னைக் கிண்டல் பண்றா. நானும் நல்லா இருக்கேன். இப்ப கேளு.

மாசத் தொடக்கத்துல ஊர் முழுக்க ஃப்ளூ. ஆஸ்பத்திரியில மத்த மாடியெல்லாம் நிரம்பி வழிஞ்சது. அந்தச் சமயம் பார்த்து இவளுக்குக் காய்ச்சல் அடிச்சது. வாயாடி பேசல தம்பி. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துட்டா. அன்னிக்கு ராத்திரி உனக்கு எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதினா நீ மலையைப் பேர்த்துக்கிட்டு ஓடி வருவே, பொய்யை என் பாஷையில எழுத வரல. அதான் அந்த அழகான கடிதம்.

இதோட முடியல. மறுநாள் எனக்கும் காய்ச்சல். சோதிச்சா ஃப்ளூ! எல்லாருக்கும் ஊசி போட்டுவிட்ட மகராசிக்கே ஃப்ளூ. போட்டுக்கிட்டாலும் சிலருக்கு வரும், லேசா வந்துட்டுப் போகும்னு ஊருக்கே சொன்னவ நான்தான். எனக்கும் லேசாத்தான் வந்தது. ஆனா காய்ச்சலோட ஆஸ்பத்திரி வாசல்ல கால் வைக்கக்கூடாதே. அவ உயிருக்குப் போராடுறா, நான் வீட்டுல போர்வைக்குள்ள கிடக்கிறேன். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துட்டேனோங்கிற பயம் வேற. ஃபோனை எடுத்தா வார்டுல எல்லாருக்கும் வேலை, "பார்த்துக்கிட்டு இருக்கோம் சிஸ்டர்"னு வச்சுடுறாங்க.

சாயங்காலம் தெருவுல இருந்து ஒரு குரல். "சிஸ்டர்!" ஜன்னலைத் திறந்தா, கீழே கொசு. மேலே வர மாட்டாராம், வந்தா நாளைக்கு வார்டுக்குப் போக முடியாதாம். தெருவுல நின்னுக்கிட்டே கத்துறார்: "தங்கச்சிக்கு ஃப்ளூ சோதனை பண்ணியாச்சு, இல்லைன்னு வந்துடுச்சு! வாயில இருக்கிற புண்ணுல கிருமி சேர்ந்திருக்கு! மருந்து மாத்தியிருக்காங்க!" தெருவே வேடிக்கை பார்க்குது. என் வயித்துல பாலை வார்த்தார்.

அதுக்கப்புறம் தினமும் வந்தார், லீவு நாள்லயும். எவ்வளவு காய்ச்சல், என்ன குடிச்சா, கண்ணைத் திறந்தாளா, எல்லாம் அந்தத் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து "இன்னிக்கு எப்படி இருக்கு?"ன்னு என்கிட்ட கேட்கிற அளவுக்குப் போச்சு. ஒருநாள் கொசு கத்தல, கீழே நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தார். "என்னய்யா, சொல்லித் தொலைங்க!"ன்னேன். "தங்கச்சி இன்னிக்கு 'ஊசிக் கடிதத்தை எடுங்க, மேஸ்திரி செருப்பு கிடைச்சுதா இல்லையா'ன்னு கேட்டுச்சு சிஸ்டர்"னார். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்டா. எதிர்வீட்டு அம்மாவும் அழுதாங்க, அவங்களுக்கு மேஸ்திரி யாருன்னே தெரியாது.

வார்டுக்குத் திரும்பின அன்னிக்குப் பெரிய டாக்டர் சொன்னார்: "உங்க தம்பி மனைவி இருந்த நிலைமையில இதோட ஃப்ளூவும் சேர்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்கு நினைக்கவே பயமா இருக்கு. நாலாவது மாடி நோயாளிங்கள்ல இந்த சீசன்ல ஒருத்தருக்கும் ஃப்ளூ வரல." நான் அன்னிக்கு வார்டு முழுக்க ஒரு சுத்து நடந்தேன், முழங்கால் வலியைப் பார்க்காம. தரை துடைக்கிறவங்க, சாப்பாட்டுத் தட்டு கொண்டு வர்றவர், அந்த அழுத நர்ஸ் பொண்ணு, ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு நன்றி சொன்னேன். விரட்டி விரட்டித் திட்டினவ இப்படிச் சொன்னதும் அவங்களுக்கு வெட்கமாப் போச்சு.

ரத்தம் தேறி வருது. இப்படியே போனா ஜனவரி கடைசியில வீட்டுக்கு அனுப்பலாம்ங்கிறாங்க. நீ அப்ப லீவு எடு. ஆனா ஊசி போட்டுக்கிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு வா. இல்லன்னா தம்பின்னுகூடப் பார்க்க மாட்டேன், வாசல்லயே நிறுத்திடுவேன்.

உன் சண்டைக்கார அக்கா

ஜனவரி 8

அக்காவுக்கு,

நலம். வேற எப்படி இருப்பேன்? உன் கடிதத்தைப் படிச்சுட்டு உருளைக்கிழங்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துட்டேன். சமையல்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அழுதுக்கிட்டு இருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சது. உனக்கு நன்றி சொன்னா அடிப்பே. நேர்ல வந்து வாங்கிக்கிறேன்.

இதோட இருக்கிற தாளைக் கொசு அண்ணன்கிட்ட கொடு. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்க்க வேண்டாம், ஒட்டாமத்தான் வச்சிருக்கேன்.

தம்பி

கொசு அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும். உங்க பேர் எனக்குத் தெரியாது, அக்கா எழுதல. முகமும் தெரியாது. ஆனா இந்தக் கூடாரத்துல உங்களைத் தெரியாத ஆள் கிடையாது.

நேத்து எங்க கம்பவுண்டர் ஃப்ளூ ஊசி கொண்டு வந்தார். எனக்கு மட்டும்தான் கேட்டிருந்தேன். உங்க கதை தெரிஞ்ச பிறகு மொத்த டீமும் வரிசையில நின்னுடுச்சு. பாறையைப் பிளக்கிறவங்க அண்ணே, ஊசியைப் பார்த்ததும் ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஒளியுறான். என் முறை வந்தப்ப நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டு, "வீட்டுல இருந்து என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க"ன்னேன். சமையல்காரர் கேட்டார். நீங்க ஜன்னலுக்குக் கீழ நின்னு கத்தின கதையைச் சொன்னேன். எப்ப போட்டாங்கன்னே தெரியல.

மேஸ்திரி செருப்பு கிடைச்சுடுச்சு. உங்க தங்கச்சிகிட்டச் சொல்லிடுங்க. சமையல்காரர் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தது.

ஒவ்வொரு நாளும் காலையில நான் பிடிச்சுக்கிட்டு இருக்க வேண்டிய கையை, எனக்காக நீங்க பிடிச்சீங்க. அதுக்காக, உலகத்துலயே உங்களுக்குப் பயமான ஒண்ணைப் பண்ணீங்க. நன்றிங்கிற வார்த்தையை எழுதிப் பார்த்தேன், பத்தல.

மாசக் கடைசியில வர்றேன். அவ கையைப் பிடிச்ச கையோட உங்க கையையும் பிடிக்கணும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஊசியை லேபுலயே வச்சுட்டு வாங்க. எனக்கும் பயம்தான்.

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்